காய்ச்சல் விட்டாலும் மாத்திரையை விடாதீர்!

காய்ச்சல் விட்டுவிட்டது, இனி மாத்திரை எதற்கு? நம் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. மீதி மாத்திரைகளை அட்டையோடு எடுத்து வைத்துவிட்டு, அடுத்த காய்ச்சலுக்குப் பயன்படுத்துகின்றோம். மலேரியாவைப் பொறுத்தவரை இப்பழக்கம் நமக்கு மட்டுமன்று, நம் அயலாருக்கும் ஆபத்தானது. ஏன் என்பதை அறிய, ஆர்ட்டிமிசினின் என்ற மருந்தின் கதையைச் சற்றுப் பார்ப்போம்.

17ஆம் நூற்றாண்டில் பெரு நாட்டிலிருந்து சின்கோனா மரப்பட்டையை உரோமைக்குக் கொண்டுவந்தவர்கள் இயேசு சபைத் துறவியர். 'இயேசு சபையினரின் பட்டை' என்றே அது ஐரோப்பாவில் பெயர் பெற்றது. அதிலிருந்து கிடைத்ததே கொயினா. பின்னர் வந்த குளோரோகுயின் கோடிக்கணக்கானோரைக் காத்தது. ஆனால், 1950களின் இறுதியிலிருந்து, உயிரைக் குடிக்கும் ஃபால்சிபாரம் வகைக் கிருமிகள் அதற்கு அடங்க மறுத்தன.

புதிய மருந்தைத் தேடி 1967ஆம் ஆண்டு சீன அரசு ஓர் இரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் பணியாற்றிய தூ யூயூ அம்மையார், 4ஆம் நூற்றாண்டில் கே ஹொங் என்பவர் எழுதிய மருத்துவ நூலைப் படித்தார். ஒரு செடியைக் கொதிக்க வைக்காமல், நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி அதில் கூறப்பட்டிருந்தது. வெப்பமே மருந்தைக் கெடுக்கின்றது என்று உணர்ந்த அவர், குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் ஈதரைக் கொண்டு 1971இல் சாற்றைப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டு, நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் தாமே அதைக் குடித்துச் சோதித்தார். 2015இல் அவருக்கு நொபெல் பரிசு வழங்கப்பட்டது.

அச்செடி, நாம் பூச்சரத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்தது. அதன் இலைகளை உலர்த்தி, ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைக்கின்றனர். கரைப்பானை ஆவியாக்கித் தூய்மைப்படுத்தினால் வெண்ணிறப் படிகங்கள் கிடைக்கின்றன. காய்ந்த இலையில் மருந்து பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே. எனவே, ஒரு கிலோ மருந்துக்கு நூறு கிலோவுக்கும் மேல் இலை வேண்டும். இப்படிகங்களை வேதிமுறையில் மாற்றியே ஆர்ட்டிசுனேட், ஆர்ட்டிமெதர் ஆகியவற்றைத் தயாரிக்கின்றனர். இலையைக் கஷாயமாகக் குடித்தால் மருந்தின் அளவு உறுதியாக இராது என்பதால், உலக நலவாழ்வு நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மருந்து வேலை செய்யும் விதம் வியப்புக்குரியது. மலேரியாக் கிருமி நம் சிவப்பணுக்களுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கின்றது. அப்போது இரும்பு அடங்கிய ஹீம் வெளிப்படுகின்றது. ஆர்ட்டிமிசினினில் இரு ஆக்சிஜன் அணுக்கள் இணைந்த பாலம் ஒன்று உண்டு. இரும்பு பட்டதும் அப்பாலம் உடைந்து, கிருமியின் புரதங்களைச் சிதைக்கின்றது. கிருமி உண்ட உணவே அதற்கு எமனாகின்றது.

ஆனால், இம்மருந்து சில மணி நேரமே உடலில் தங்கும். பெரும்பாலான கிருமிகளை விரைந்து கொன்றுவிடுவதால் காய்ச்சல் ஓரிரு நாளில் விடுகின்றது. சில கிருமிகள் எஞ்சியிருக்கும். அவற்றை அழிக்கவே லுமிஃபான்ட்ரின் போன்ற, பல நாள் தங்கும் துணை மருந்தைச் சேர்த்து மூன்று நாள் தருகின்றனர். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பலாம்; மருந்தைத் தாங்கப் பழகிய கிருமிகள் பிழைத்து, கொசு வழியாகப் பிறரைச் சேரலாம். அரைகுறைச் சிகிச்சையும், துணை மருந்தின்றித் தனியே கொடுப்பதும் இவ்வாபத்தை வளர்க்கின்றன. மருந்துக்குக் கட்டுப்படாத தன்மை 2008 முதல் கம்போடியாவிலும், பின்னர் ருவாண்டா, உகாண்டா நாடுகளிலும் கண்டறியப்பட்டது. 2023இல் மட்டும் மலேரியாவால் இறந்தவர்கள் ஏறத்தாழ 5,97,000 பேர். இவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள்.

எனவே, காய்ச்சல் கண்டால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வோம். மருத்துவர் தரும் மாத்திரைகளைக் கடைசி வேளை வரை உட்கொள்வோம். வைவாக்ஸ் வகை மலேரியாவில் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடக்கும் என்பதால், அதற்கெனத் தரும் பிரைமாகுயினையும் சொன்ன நாள் வரை நிறுத்தாதிருப்போம். காய்ச்சல் விட்டபின் நாம் விழுங்கும் மாத்திரை, நம் முகம் அறியாத ஒரு குழந்தையையும் காக்கின்றது.