எஞ்சின் பெரிது, பிரேக் சிறிது

மாணவர்களே, நடுத்தரக் காரில் பெரிய காரின் எஞ்சினைப் பொருத்தினால் என்ன ஆகும்?

1963இல் அமெரிக்காவின் போண்டியாக் நிறுவனப் பொறியாளர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். ‘டெம்பஸ்ட்’ காரின் 5.3 லிட்டர் எஞ்சினை எடுத்துவிட்டு, பெரிய கார்களுக்கான 6.4 லிட்டர் எஞ்சினை வைத்தார்கள். இரண்டுக்கும் வெளி அளவு ஒன்றே என்பதால் அது எளிதாகப் பொருந்தியது.

வேறுபாடு உள்ளே இருந்தது. சிலிண்டரின் விட்டம் சிறியதில் 94.5 மில்லிமீட்டர், பெரியதில் 103.2 மில்லிமீட்டர். விட்டம் 9 விழுக்காடுதான் கூடியது. ஆனால், பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் பிஸ்டன் நகரும் தூரம் மாறாமலேயே கொள்ளளவு 19 விழுக்காடு உயர்ந்தது. கூடுதல் காற்றும் பெட்ரோலும் எரிந்தன. கூடுதல் விசை கிடைத்தது. 1964ஆம் ஆண்டு மாடலாக ‘ஜிடிஓ’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்தக் காரின் திறன் 325 குதிரைச்சக்தி.

சரி, அதை நிறுத்துவது எப்படி? சக்கரங்களில் இருந்தவை 9.5 அங்குல டிரம் பிரேக்குகள். வேகம் இரு மடங்கானால் இயக்கச் சக்தி நான்கு மடங்காகும். காரை நிறுத்தும்போது அதன் பெரும்பகுதியைப் பிரேக்குகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். டிரம் அதிகம் சூடேறினால் பிடிப்புத் தளரும். கார் நிற்க நீண்ட தூரம் பிடிக்கும்.

பழைய காருக்குப் பெரிய எஞ்சின் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது, அதன் பிரேக்கைத்தான்!