'மெர்ஜ் பண்ணுங்க'ன்னு போன் வருதா? உஷார்... காசு போயிடும்!

சென்னை: "இன்னொரு லைன்ல கால் வருது பாருங்க, மெர்ஜ் பண்ணுங்க சார்" என்று போனில் யாராவது சொன்னால், உடனே பட்டனை அழுத்தி விடாதீர்கள். அந்த ஒரு பட்டனால் பேங்க்கில் இருக்கும் பணம் மொத்தமும் காலியாகி விடலாம்.

அது என்ன 'மெர்ஜ்'? தனித்தனியாக இருப்பது ஒன்றாகச் சேருவது, அவ்வளவுதான். காவிரியும் பவானி ஆறும் கலக்கிற இடத்தைக் கூடுதுறை என்கிறோமே, அதே கதைதான். 2024 மார்ச்சில் சரத்குமார் தன் கட்சியை பா.ஜ.க.வோடு இணைத்தாரே, அதுவும் மெர்ஜ்தான். கட்சி வேண்டுமானால் மறுபடி பிரியலாம். கலந்த ஆத்துத் தண்ணி பிரியாது. அதனால் சேருவதற்கு முன்னாடியே பார்க்கணும்.

ரோட்டில் எப்படி?

கத்திப்பாரா மேம்பாலத்தில் இருந்து இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டில் கலக்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். மெயின் ரோட்டில் ஏற்கனவே போய்க்கொண்டிருக்கும் வண்டிக்குத்தான் முதல் வழி. புதுசாக வந்து சேருகிறவர்தான் விட்டுக் கொடுக்க வேண்டும். இடது பக்கம் இருந்து சேரும்போது வலது இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் பார்த்து, தலையைத் திருப்பியும் ஒரு தடவை பார்த்து விட்டு நுழைய வேண்டும்.

டூவீலர்காரர்களுக்கு முக்கியமான விஷயம்: லாரி, பஸ்சின் இடது பக்கத்தில் ஒட்டிப் போனால் டிரைவர் கண்ணுக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். அந்த இடுக்கில் நுழைவது உயிருக்கே ஆபத்து.

கம்ப்யூட்டரில் எப்படி?

எக்செல்லில் சம்பள லிஸ்ட் போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். விவரம் உள்ள இரண்டு கட்டங்களை மெர்ஜ் செய்தால் மேலே, இடது பக்கம் உள்ள கட்டத்தில் இருப்பது மட்டும்தான் நிற்கும். மற்றது அழிந்து விடும். முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை வரும். பலர் அதைப் படிக்காமலே 'ஓகே' கொடுத்து விடுகிறார்கள்.

போனில்தான் பெரிய ஆபத்து

மோசடி ஆசாமி முதலில் போன் போட்டு, "உங்க பிரண்டுதான் நம்பர் கொடுத்தார். வேலை விஷயமா பேசணும்" என்பான். பேசிக்கொண்டு இருக்கும்போதே இன்னொரு கால் வரும். "அது உங்க பிரண்டுதான், மெர்ஜ் பண்ணுங்க" என்பான்.

ஆனால் வருவது பிரண்டு இல்லை. ஓ.டி.பி. நம்பரைச் சொல்வதற்காக பேங்க்கில் இருந்து வரும் தானியங்கி அழைப்பு! மெர்ஜ் பண்ணியதும் அந்த நம்பர் அவன் காதிலும் விழும். நீங்கள் வாயே திறக்க வேண்டாம், அடுத்த நிமிஷம் பணம் போய்விடும். இதுபற்றி 2025 பிப்ரவரியிலேயே யு.பி.ஐ. தரப்பில் எச்சரித்தார்கள்.

என்ன செய்யணும்?

தெரியாத ஆள் சொல்லி எந்த காலையும் மெர்ஜ் பண்ணாதீர்கள். போனை வைத்து விட்டு, பிரண்டுக்கு நீங்களே போன் போட்டு கேளுங்கள். கேட்காமலே ஓ.டி.பி. வந்தால் உங்கள் கணக்கில் யாரோ கை வைக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே பேங்க்கிற்குச் சொல்லுங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை மடக்கிப் பிடிக்க வாய்ப்பு உண்டு.