பில் இருக்கிற தொங்கட்டான்

டீயை எடுத்துக்கொள், தங்கச்சி. நீ செய்த தொங்கட்டானைப் பார்த்தவர்கள் எல்லாம் "விற்கலாமே" என்கிறார்களா? விற்கலாம். ஆனால் எதில் செய்கிறாய் என்பதை முதலில் பார்ப்போம். அந்தமானில் மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

இங்கே சிப்பி வேலைக்குப் பழைய பேர் உண்டு. 1930 வாக்கிலேயே ஜப்பானியர்கள் இந்தக் கடலில் டிரோக்கஸ், டர்போ என்ற சங்குகளை எடுத்தார்கள். மேல்தோலைக் களைந்தால் உள்ளே முத்துப் பளபளப்பு, சட்டைப் பித்தானுக்கு அருமையான சரக்கு. அள்ளிக்கொண்டே இருந்ததில் கடல் மெலிந்தது. 2001இல் அவை இரண்டும், இன்னும் பல சங்கு வகைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் ஏறின. பவளமும் கடல்விசிறியும் முதல் பட்டியலிலேயே இருக்கின்றன. கரையில் ஒதுங்கிய செத்த துண்டுக்கும் விலக்கு இல்லை. முதல் பட்டியல் குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை; 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதமே குறைந்தது 25,000 ரூபாய். விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்லும்போது, உன்னிடம் வாங்கிய சுற்றுலாக்காரர்தான் முதலில் முழிப்பார். அதனால் கரையில் பொறுக்கியதைத் தொடாதே. சிப்பிதான் வேண்டுமென்றால், எந்த வகை என்று பெயர் எழுதிய பில் தருகிற வியாபாரியிடம் மட்டும் வாங்கு.

என்னைக் கேட்டால் தேங்காய்ச் சிரட்டையில் தொடங்கச் சொல்வேன். முற்றிய சிரட்டையை அறுத்து, முரட்டு உப்புத்தாளில் தொடங்கி நைசான தாள்வரை தேய்த்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவு. கருங்காலி மாதிரி மின்னும். மஞ்சாடி விதையும் அழகு. குன்றிமணி மட்டும் வேண்டாம்: துளை போட்டால் உள்ளிருக்கும் நஞ்சு வெளியே வரும், குழந்தை வாயில் வைத்தால் ஆபத்து. கொக்கி எவர்சில்வராக இருக்கட்டும். மலிவுக் கொக்கி நம் உப்புக்காற்றில் சீக்கிரமே கறுத்துவிடும்.

விலைக்கு வருவோம். கொக்கி, மணி, அட்டை 25 ரூபாய் என்று வை. வேலை நாற்பது நிமிடம். மணிக்கு 90 கூலி போட்டால் 60. பிளேடு, உப்புத்தாள், கரண்ட் 5. ஆக, அடக்கம் 90. உன் கூலியை எழுதாமல் விட்டால் 30தான் அடக்கம் என்று நினைத்து 50க்குக் கொடுத்து, லாபம் என்று சந்தோஷப்படுவாய். கடைக்காரர் நூற்றுக்கு முப்பது எடுத்துக்கொள்வார் என்றால் 130க்கு விற்க வேண்டும். 39 அவருக்கு, 91 உனக்கு. உனக்குக் கூலி போக மிச்சம் ஒரு ரூபாய். இழைப்பு நன்றாக இருந்தால் 150 என்று கேட்கக் கூச்சப்படாதே.

மிடில் பாயிண்டில் அரசாங்கத்தின் சாகரிகா எம்போரியத்துக்குப் போய், என்ன வைத்திருக்கிறார்கள், என்ன விலை என்று ஒருமுறை பார்த்துவிட்டு வா. அபர்தீன் பஜார் கடைகளில் "விற்ற பிறகு காசு" என்பார்கள். சரிதான், ஆனால் எத்தனை ஜோடி கொடுத்தாய் என்று எழுதிக் கையெழுத்து வாங்கு. மழைக்காலத்தில் கூட்டம் குறையும். கப்பலும் சொன்ன நாளில் வராது. கொக்கியும் மணியும் மே மாதத்துக்குள் சென்னையிலிருந்து வந்து சேர்ந்துவிட வேண்டும். சீசனுக்கான சரக்கை அந்த மழையிலேயே உட்கார்ந்து செய்துவிடு.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவை மறக்காதே. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், இலவசம். முடித்துத் தருகிறேன் என்று ஐந்நூறு கேட்கிறவரிடம் கொடுக்காதே; அதில் ஒரு கட்டு எவர்சில்வர் கொக்கி வாங்கு.