மூணாவது மாடி கட்டினா வீடு சின்னதாகுமா? உங்க வாடகைக்குப் பின்னால இருக்கிற கட்டட விதிகள்!

``பேச்சிலரா, ஃபேமிலியா?'', ``வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?'', ``தண்ணி லாரிக்குத் தனியா கொடுத்துடணும், ஓகேவா?'' - சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைஞ்சவங்களுக்கு இந்தக் கேள்விகள் மனப்பாடம். பத்து வீடு பார்த்து, ஒண்ணு மனசுக்குப் பிடிச்சு, அட்வான்ஸ் தொகையைக் கேட்டதும் பேச்சே வராது. அப்புறம் ஹவுஸ் ஓனரைத் திட்டுவோம், புரோக்கரைத் திட்டுவோம். திட்டறதுல தப்பில்லைதான். ஆனா, அந்தத் தெருவுல மொத்தம் எத்தனை வீடு இருக்கலாம்னு முடிவு பண்றது அவங்க ரெண்டு பேரும் இல்லை. அதுக்குன்னு ஒரு விதிப் புத்தகம் இருக்கு.

`தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019' என்பது அதன் பெயர். இன்ஜினீயர்களும் பில்டர்களும் மட்டும் புரட்டிப் பார்க்கும் இந்த விதிகள், மாசம் பிறந்தா நாம அனுப்பும் வாடகையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை.

எஃப்.எஸ்.ஐ... அப்படின்னா?

ரியல் எஸ்டேட் விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் வார்த்தை. தமிழில் தளப்பரப்புக் குறியீடு என்கிறார்கள். ஒரு மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டடம் கட்டலாம் என்பதற்கான கணக்கு இது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை இருக்குன்னு வெச்சுக்குவோம். எஃப்.எஸ்.ஐ 1.5 என்றால், எல்லா மாடியையும் சேர்த்து 3,600 சதுர அடி கட்டலாம். 2 என்றால் 4,800 சதுர அடி.

சென்னையில் சாதாரண அடுக்குமாடிகளுக்கு ரொம்ப காலம் இருந்தது 1.5-தான். 2019-ல்தான் அது 2 ஆனது. உயரமான டவர்களுக்கு 3.25 வரை உயர்த்தினார்கள். அதே மனையில் மூணு ஃபேமிலி இருந்த இடத்தில் நாலு ஃபேமிலி இருக்கலாம் என்றால், மனையின் விலை நாலு பங்காகப் பிரியும். வீட்டுத் தட்டுப்பாட்டைக் குறைக்க விதிகளைத் திருத்தணும்னு சொல்பவர்களின் அடிப்படை வாதம் இதுதான்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, பேப்பர்ல இருக்கிற 2 தரையில 2 ஆகுமா?

800 சதுர அடியில் ஒரு கணக்கு

20 அடி அகலம், 40 அடி நீளம். மூணில் ஒரு பங்கு கிரவுண்டு. அப்பா ரிட்டயர்மென்ட் பணத்தில் வாங்கிப் போட்ட மனைகளில் பல இந்த சைஸ்தான். எஃப்.எஸ்.ஐ 2 என்றால் 1,600 சதுர அடி கட்டலாம். கீழே நாம, மேலே வாடகைக்கு ரெண்டு வீடுன்னு மனசு கணக்குப் போடும்.

இப்போ செட்பேக் வருது. காற்று, வெளிச்சம், தீயணைப்பு வண்டி என எல்லாத்துக்குமாகச் சுற்றிலும் காலியாக விட வேண்டிய இடம் அது. உதாரணத்துக்கு முன்பக்கம் 5 அடி, ஒரு பக்கவாட்டில் 3 அடி விட்டால், கட்டுவதற்கு மிஞ்சுவது 17-க்கு 35. அதாவது 595 சதுர அடி. ரெண்டு தளம் கட்டினா 1,190. அனுமதி இருக்கும் 1,600-ஐத் தொட மூணாவது தளம் வேண்டும்.

உயரம் கூடினால் செட்பேக்கும் கூடும் என்பது விதி. நாலு பக்கமும் 5 அடி விடச் சொன்னால்? அகலம் 10 அடி, நீளம் 30 அடி. ஒரு தளத்துக்கு 300 சதுர அடி. மூணு தளமும் கட்டினால் 900! ரெண்டு மாடி வீட்டைவிட மூணு மாடி வீடு சின்னதாகிவிட்டது. (இந்த அடிக்கணக்கு புரிவதற்காகச் சொன்னது. உங்க மனைக்கு எவ்வளவு என்பது உயரம், மனையின் அகலம், ரோட்டின் அகலத்தைப் பொறுத்து மாறும்.)

இதனால் என்ன நடக்கும்? பிளான்ல ரெண்டு மாடி காட்டிட்டு, மேலே மூணாவதா ஒரு போர்ஷனை எழுப்பிடறது. நம்மில் பலர் குடியிருக்கும் மொட்டை மாடி ஒற்றை ரூம்களின் பூர்வீகம் இதுவாக இருக்கலாம். இப்படிக் கட்டப்பட்டவற்றை வரன்முறைப்படுத்தவே நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ, 113-சி என்று பிரிவுகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. 113-சி என்பது 2007 ஜூலை 1-க்கு முன்பு கட்டியவர்களுக்கு. ஊரே மீறிய பிறகு மன்னிப்புக்குத் தனிப் பிரிவு போடுவதற்குப் பதில், சின்ன மனைக்குப் பொருந்துகிற விதியை முதலிலேயே எழுதியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

காருக்கு ஒரு ரூம்

அடுத்தது பார்க்கிங். ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் இடம். கிட்டத்தட்ட 135 சதுர அடி. நாம வாடகைக்கு இருக்கும் 10-க்கு 12 பெட்ரூமைவிட அது பெருசு. வண்டி திரும்பும் இடம் தனி. இந்தச் செலவு முழுக்க ஃபிளாட் விலையில்தான் ஏறும். மெட்ரோவில் ஆபீஸ் போய்வரும், கார் வாங்கும் ஐடியாவே இல்லாத ஒருத்தரும் அதில் பங்கு கொடுத்தாகணும். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம் `இத்தனை வீட்டுக்கு இத்தனை கார் பார்க்கிங் கட்டாயம்' என்ற விதியை 2021-ல் மொத்தமாக எடுத்துவிட்டது. நம்ம ஊரில் அப்படியே எடுத்தால் எல்லாக் காரும் தெருவுக்குத்தான் வரும். இப்பவே பாதித் தெருவில் அதுதான் நிலைமை என்பது வேற விஷயம்.

ஆக்லாந்து என்ன செய்தது?

நியூசிலாந்தின் பெரிய நகரம் ஆக்லாந்து. `ஒரு மனைக்கு ஒரு தனி வீடு' என்று பரந்து கிடந்த ஊர். 2016-ல் நகரத் திட்டத்தை மாற்றி, குடியிருப்பு நிலத்தில் சுமார் நாலில் மூணு பங்கில் கூடுதல் வீடுகள் கட்ட வழிவிட்டார்கள். வானுயர டவர்கள் இல்லை, பெரும்பாலும் ரெண்டு, மூணு மாடி வரிசை வீடுகள். அந்த ஆண்டு சுமார் 10,000 ஆக இருந்த புது வீட்டு அனுமதிகள், 2022-ல் 21,000-ஐத் தாண்டின. விதி மாறாமல் இருந்திருந்தால் வாடகை இன்னும் அதிகமாக ஏறியிருக்கும் என்று ஆக்லாந்து பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கை ஏற்காமல் சண்டை போடும் ஆய்வாளர்களும் உண்டு.

கதை அதோடு முடியலை. 2023 ஜனவரியில் ஆக்லாந்தைப் பெருவெள்ளம் புரட்டிப்போட்டது. எங்கே வேண்டுமானாலும் வீடு கட்ட விடலாமா என்ற கேள்வி அங்கே மறுபடி எழுந்தது.

2015 டிசம்பரை நேரில் பார்த்த நமக்கு அந்தக் கேள்வியை யாரும் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலம், செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, திருவான்மியூரிலிருந்து தெற்கே போகும் நிலத்தடி நீர் ஊறும் கடற்கரை மணல் பகுதி எல்லாம் மாஸ்டர் பிளானில் கட்டுப்பாட்டுக்குள் இருப்பது காரணத்தோடுதான். அதேபோல, 2014 ஜூனில் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்கு வந்தவர்கள். விதிகளைத் தளர்த்தணும்னு பேசும்போது எதைத் தளர்த்துவது, எதைத் தொடவே கூடாது என்று பிரித்துப் பேசணும். அஸ்திவாரம், தீ பாதுகாப்பு, நீர்வழி இதெல்லாம் பேரத்துக்கு உரியவை இல்லை.

அரசு என்ன மாத்தியிருக்கு?

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளம் அல்லது தரையும் முதல் தளமுமாக 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர்கள், ஆன்லைனில் விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கலாம். ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால், பலன் சொந்த வீடு கட்டுபவருக்கு. வாடகைக்கு நாலு, ஆறு வீடு கட்ட நினைப்பவர் இதற்குள் வரமாட்டார்.

கூடுதல் கட்டணம் செலுத்தி வாங்கும் `பிரீமியம் எஃப்.எஸ்.ஐ'யும் இருக்கு. 2019 விதிகளின்படி, 18 மீட்டருக்கு மேல் அகலமான ரோடு என்றால் 50 சதவிகிதம் வரை, 12 மீட்டரிலிருந்து 40, 9 மீட்டரிலிருந்து 30. அதாவது கிட்டத்தட்ட 30 அடி ரோடாவது இருக்கணும். ரெண்டு பைக் எதிரெதிரே வந்தாலே ஒண்ணு ஒதுங்க வேண்டிய தெருக்காரர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத தெருவில் உயரம் கூடாது என்பதில் நியாயம் இருக்கு. அதே சமயம், வாடகை கொஞ்சம் கம்மியாகக் கிடைப்பது பெரும்பாலும் இந்தத் தெருக்களில்தான்.

இன்னொரு வழி, பழைய ஃபிளாட்டுகளை இடித்துக் கட்டுவது. 2022-ல் வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூணில் ரெண்டு பங்கு ஓனர்கள் சம்மதித்தால் போதும். எட்டு வீட்டில் ஒருத்தர் முறுக்கிக்கொண்டதால் இருபது வருஷம் இழுத்த கதைகள் இனிக் குறையலாம். அங்கே வாடகைக்கு இருப்பவர்களிடம் யாரும் சம்மதம் கேட்க மாட்டார்கள். புதுசா எழும் ஃபிளாட்டின் வாடகை பழைய வாடகையாக இருக்கவும் போவதில்லை.

எஃப்.எஸ்.ஐ-யை ஏற்றினால் வாடகை மளமளன்னு இறங்கிடும்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க. கூடுதலாகக் கட்டலாம்னு தெரிஞ்ச மறுநாளே மனை விலையும் ஏறும். ஒரு தெருவுக்கு மட்டும் தளர்த்தினால் லாபம் அந்தத் தெருவின் நில ஓனர்களுக்கு. ஊர் முழுக்கத் தளர்த்தினால்தான் ஓனர்களுக்குள் போட்டி வரும். அதற்குத் தண்ணீர்க் குழாயும் பாதாள சாக்கடையும் கூடவே பெருசாகணும்.

இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008-ல் வந்தது, 2026 வரைக்குமானது. அடுத்தது 2027 முதல் 2046 வரைக்கு. இப்போ 25 வயசில் இருப்பவருக்கு அது முடியும்போது 40-ஐத் தாண்டியிருக்கும். வரைவு வெளியாகும்போது ஆட்சேபனையும் ஆலோசனையும் சொல்லப் பொதுமக்களுக்குச் சட்டத்தில் இடமுண்டு, வாடகைக்கு இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். அதுவரை சும்மா ஒருமுறை சி.எம்.டி.ஏ இணையதளத்தில் கிராமத்தின் பெயரையும் சர்வே நம்பரையும் கொடுத்துப் பாருங்க. நீங்க குடியிருக்கும் இடம் குடியிருப்பு மண்டலமா, வணிகமா, இல்லை பேப்பரில் இன்னும் விவசாய நிலமாவே இருக்கான்னு தெரிஞ்சிடும்.