மல்லிகையின் கடிகாரம்

விடியற்காலையில் திண்டுக்கல் பூச்சந்தைப் பக்கமாக நடந்து வருவது எனது ஓய்வுக்கால வழக்கம். நிலக்கோட்டை, ஆத்தூர் வட்டாரங்களிலிருந்து வந்திறங்கும் மூட்டைகளில் மல்லிகை மொட்டுகள் குவிந்திருக்கும். அந்நேரத்தில் அவற்றில் மணம் குறைவு. அதே மொட்டுகள் சரமாகி வீட்டுக்கு வந்து, இரவில் விரியும்போது கூடமே மணக்கிறது. செடியைவிட்டுப் பிரிந்த பின்னும் மொட்டுக்கு நேரம் எப்படித் தெரிகிறது?

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இது செலவுக் கணக்காகவே தோன்றுகிறது. மணம் என்பது பூ செய்யும் விளம்பரம். இரவில் மணக்கும் வெண்ணிறப் பூக்கள் பலவற்றின் வாடிக்கையாளர்கள் அந்துப்பூச்சிகள். அவை வராத பகலில் மணத்தைச் செலவிடுவது, ஆளில்லாத கடைவீதியில் விளக்கேற்றி வைப்பதற்கு ஒப்பாகும்.

இந்தச் சிக்கனத்தின் சூட்சுமம் மரபணுக்களில் உள்ளது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாலையில் மணக்கும் பெட்டூனியா பூவில் இதை ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டனர். தாவரங்களின் உயிரியல் கடிகாரத்தில் 'எல்.எச்.ஒய்.' என்றொரு மரபணு உண்டு. அது காலையில் உச்சத்தில் இயங்கி, மண உற்பத்தியைத் தொடக்கும் 'ஓடோரன்ட்-1' என்ற மரபணுவை அடக்கி வைக்கிறது. பொழுது சாயச் சாய அதன் பிடி தளர்கிறது, மணம் பிறக்கிறது. அந்தக் காவலனை நாள் முழுவதும் இயங்கச் செய்தபோது பூ மணமிழந்தது. அவனை வலுவிழக்கச் செய்தபோது, மாலைக்கு முன்பே மணக்கத் தொடங்கியது.

பெட்டூனியாவில் கண்டதை மல்லிகைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. எனினும், மல்லிகையும் நேரம் பார்த்தே மணக்கிறது. அதன் மணம் மொட்டுக்குள் சேமித்து வைக்கப்பட்டிருப்பதன்று. விரியும் வேளையில் உருவாக்கப்படுவது. இதனால்தான் வாசனைத் தைல ஆலைகள், காலையில் வாங்கிய மொட்டுகளை இரவில் விரியும் வரை காத்திருந்து மணத்தைப் பிரித்தெடுக்கின்றன. சீனத்தின் பூசோ நகரில், இதே மல்லிகையின் மொட்டுகளைத் தேயிலையோடு கலந்து இரவு முழுவதும் வைத்து மல்லிகைத் தேநீர் தயாரிக்கின்றனர். பூவின் கடிகாரத்துக்கு ஏற்பத் தொழில் அமைந்துள்ளது.

நமது விவசாயிக்கோ அந்தக் கடிகாரமே சுமை. விரிந்துவிட்டால் விலையில்லை என்பதால், இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள், பெரும்பாலும் பெண்கள், மொட்டுகளைப் பறிக்கின்றனர். பறித்ததை அன்றே விற்றாக வேண்டும். காத்திருக்க முடியாத விற்பனையாளர் பேரம் பேச முடியாது என்பது பொருளாதாரத்தின் பாலபாடம். வரத்து மிகுந்த நாளில் விலை சரிந்தால், பறிகூலிகூடத் தேறாது.

இதோடு வெப்பமும் சேர்கிறது. வெப்பநிலை உயரும்போது பெட்டூனியாவின் மண உற்பத்தி குறைவதை, எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். மல்லிகையில் இதை நமது மண்ணில், நமது கோடையில் ஆராய்வது அவசியம்.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பெயரில் மணப்பதில் திண்டுக்கல் மாவட்டத்துப் பூவும் அடக்கம். பெயரைக் காத்தால் மட்டும் போதாது. அதை விளைவிப்போரையும் காக்க வேண்டும். மல்லிகையின் மரபணுத் தொகுதியைச் சீன ஆய்வாளர்கள் ஏற்கெனவே வரிசைப்படுத்தி வெளியிட்டுவிட்டனர். நமது வேளாண் பல்கலைக்கழகமும் இதில் முனைய வேண்டும். மொட்டு விரிவதைச் சில மணி நேரம் தள்ளிப்போடும் குளிர்பதனக் கிடங்குகள் சந்தைக்கு அருகிலேயே அமைய வேண்டும்.

பூவுக்குத் தன் சரக்கை எப்போது வெளியிடுவது என்று முடிவு செய்யத் தெரிகிறது. அதே உரிமை, அதை வளர்ப்பவருக்கும் வாய்க்க வேண்டும்.