தப்பிப் பிழைக்கவும் ஒரு விலை உண்டு!



புலிக்கு நகம் இருக்கிறது. யானைக்குத் தும்பிக்கை இருக்கிறது. நல்ல பாம்புக்கு நஞ்சு இருக்கிறது. இது எதுவுமே இல்லாத பல்லி, நத்தை, மரவட்டை எல்லாம் எதிரி வந்தால் என்ன செய்யும்? ஓடுவதற்கு வேகம் கிடையாது. எதிர்த்து நிற்கப் பலம் கிடையாது. ஆனாலும், மனிதன் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பிருந்தே இவை பூமியில் வாழ்ந்து வருகின்றன. எப்படி? எல்லாம் தந்திரம்தான்!

இந்தத் தந்திரங்களைப் பார்க்கப் பெரிய காட்டுக்குப் போக வேண்டியதில்லை. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்குப் போனாலே போதும். வில்லியனூர் பக்கம் ஊசுடு ஏரி இருக்கிறது. புதுச்சேரியிலேயே பெரிய ஏரி இதுதான். இதன் ஒரு பகுதி தமிழகத்தின் விழுப்புரம் மாவட்டத்துக்குள் வருகிறது. புதுச்சேரி அரசு 2008-ஆம் ஆண்டு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பாகூரோ, புதுச்சேரியின் நெற்களஞ்சியம். அங்குள்ள பாகூர் ஏரி, புதுச்சேரியின் இரண்டாவது பெரிய ஏரி. தென்பெண்ணையாற்றுத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக அதற்கு வந்து சேருகிறது. ஏரி, வாய்க்கால், வயல், வரப்பு, ஓட்டு வீடு... இவ்வளவு இடமும் தந்திரக்காரர்கள் குடியிருக்கும் இடம்தான்.

படிக்கும்போது ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள். எந்தத் தந்திரமும் இலவசமாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் அந்த உயிரினம் ஏதோ ஒரு விலை கொடுக்கிறது.

வாலை விட்டுவிட்டு ஓடு!

முதலில் வீட்டுச் சுவரைப் பார்ப்போம். பூனை பாய்ந்தால் பல்லி தன் வாலைக் கழற்றிவிட்டு ஓடிவிடும். கீழே விழுந்த வால் சில நிமிடங்கள் துள்ளிக்கொண்டே இருக்கும். பூனை அதையே பார்த்துக்கொண்டிருக்க, பல்லி ஓட்டு இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும்.

வால் எப்படிக் கழலுகிறது தெரியுமா? பல்லியின் வால் எலும்புகளில், உடைவதற்கென்றே மெல்லிய கோடு போன்ற இடங்கள் இருக்கின்றன. தபால் தலைகளுக்கு நடுவில் துளை போட்டிருப்பார்களே, அதுபோல! தசையை இறுக்கினால் அந்த இடத்தில் பட்டென்று கழன்றுவிடும். உடனே ரத்தக் குழாய்களும் சுருங்கிவிடுவதால் ரத்தம் அதிகம் வீணாகாது.

'வால்தான் மறுபடி முளைத்துவிடுமே' என்று நினைக்கிறீர்களா? முளைக்கும். ஆனால், புது வாலுக்குள் எலும்பு இருக்காது; குருத்தெலும்புதான் இருக்கும். அதில் உடையும் கோடுகளும் கிடையாது. அடுத்த முறை அதற்கு மேலே, பழைய வால் மிச்சம் இருக்கும் இடத்தில்தான் கழல வேண்டும். போதாததற்கு, பல்லி தன் கொழுப்பைச் சேமித்து வைப்பதே வாலில்தான். வால் போனால் சேமிப்பும் போச்சு! விளையாட்டுக்காக ஒரு பல்லியின் வாலை அறுப்பது, அதன் உண்டியலை உடைத்துப் பணத்தை எடுத்துக்கொள்வது போல.

சுருண்டு படுக்கும் 'ரயில்'

மழைக்காலத்தில் தோட்டத்தில் மரவட்டைகள் ஊர்ந்து வரும். ரயில் பூச்சி என்றும் சொல்வோம். தொட்டால் போதும், சக்கரம் மாதிரி சுருண்டுகொள்ளும். மென்மையான கால்களும் வயிறும் உள்ளே, கெட்டியான ஓடு வெளியே.

அதோடு முடியவில்லை. உடலின் இரு பக்கமும் உள்ள சிறு துளைகள் வழியாக நாற்றமடிக்கும் திரவத்தைக் கசியவிடும். கையில் பட்டால் கறை படியும்; கண்ணில் பட்டால் எரியும். எறும்புகள் இதற்குப் பயந்து ஒதுங்கும். மடகாஸ்கர் தீவில் லெமூர்களும், தென் அமெரிக்காவில் சில குரங்குகளும் மரவட்டையை எடுத்துத் தங்கள் உடம்பில் தேய்த்துக்கொள்கின்றன. பூச்சிகளை விரட்டத்தான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்!

இதற்கு விலை என்ன? திரவம் தீர்ந்துபோனால் மறுபடி ஊறிச் சேர நாளாகும். அதுவரை மரவட்டைக்குப் பாதுகாப்பு குறைவு. குச்சியால் குத்திக் குத்திச் சுருள வைக்கிறோமே, அப்போதெல்லாம் அதன் ஆயுதத்தைத்தான் காலி செய்கிறோம். அது கடிக்காது. உதிர்ந்த இலைகளைத் தின்று மண்ணுக்கு உரமாக்கித் தருகிற தோட்டக்காரர் அது.

எருக்கஞ்செடியில் ஒரு நஞ்சுக்கடை

வரப்போரம் எருக்கஞ்செடி இருந்தால் இலைக்கு அடியில் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு ஒரு புழு மேய்ந்துகொண்டிருக்கலாம். வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியின் புழு அது. ஆடே தொடாத எருக்கம் இலையை இது ஆசையாகத் தின்னும். இலையில் உள்ள நஞ்சைத் தன் உடலிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். புழு பட்டாம்பூச்சியான பிறகும் அந்த நஞ்சு உடலில் இருக்கும். (எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அதனால் செடியைத் தொடாமல் பாருங்கள்!)

இதன் நெருங்கிய உறவுக்காரர், அமெரிக்காவில் வாழும் மொனார்க் பட்டாம்பூச்சி. 1960-களில் லிங்கன் பிரவர் என்ற விஞ்ஞானி, நீல ஜே என்ற பறவைக்கு மொனார்க்கைத் தின்னக் கொடுத்தார். தின்ற பறவை சற்று நேரத்தில் வாந்தி எடுத்தது. அதன்பிறகு மொனார்க்கைக் கண்டாலே அது ஒதுங்கிப் போனது!

ஆனால் யோசித்துப் பாருங்கள். பறவைக்குப் பாடம் புகட்ட யாராவது ஒரு பட்டாம்பூச்சி கொத்து வாங்கத்தானே வேண்டும்? அதற்காகவே இதன் உடல் தோல் போலக் கெட்டியாக இருக்கிறது. கொத்து வாங்கியும் சில பிழைத்துப் பறந்துவிடும்.

இதைப் பார்த்துக் காப்பியடிக்கிற ஆளும் உண்டு. நஞ்சே இல்லாத வேறொரு பட்டாம்பூச்சி இனத்தின் பெண், அச்சு அசலாக வெந்தய வரியனைப் போலவே இறக்கை வைத்திருக்கும். பறவைகள் ஏமாந்துபோய் அதையும் விட்டுவிடும். காப்பியடிப்பவர்கள் எண்ணிக்கை கூடிவிட்டால் என்ன ஆகும்? பறவைகள் உண்மையைக் கண்டுபிடித்துவிடும். அப்புறம் இருவருக்குமே ஆபத்து!

கண்ணுக்கு முன்னால் முட்டை, ஆனால் தெரியாது!

ஏரிக்கரையில் நடந்தால் 'டிட்-டி-டிட்' என்று ஒரு பறவை கத்திக்கொண்டே தலைக்கு மேல் வட்டமிடும். ஆள் வருவதை ஊருக்கே காட்டிக் கொடுப்பதால் அதற்கு ஆட்காட்டி என்று பெயர். மூக்கருகில் சிவப்புத் தோல் இருந்தால் அது சிவப்பு மூக்கு ஆட்காட்டி.

இது மரத்தில் கூடு கட்டாது. வெட்டவெளியில் தரையில் லேசாகக் குழி பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். முட்டைகள் மண் நிறம்; மேலே கறுப்புத் திட்டுகள். சரளைக் கற்களுக்கு நடுவே கிடந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. குஞ்சுகளும் அப்படித்தான். அம்மா எச்சரிக்கைக் குரல் கொடுத்ததும் தரையோடு தரையாகப் படுத்துவிடும். பெற்றோர் இரண்டும் எதிரியின் தலையை நோக்கிப் பாய்ந்து பாய்ந்து மிரட்டும்.

ஆற்று மணலில் கூடு வைக்கும் உப்புக்கொத்திப் பறவை இன்னும் பெரிய நடிகர். இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டே நகரும். 'ஆகா, சுலபமாகப் பிடித்துவிடலாம்' என்று நரியோ நாயோ பின்னாலேயே போகும். கூட்டை விட்டு நன்றாகத் தூரம் போனதும் 'சர்'ரென்று பறந்துவிடும்!

இங்கே விலை என்ன? வெயில்தான்! திறந்தவெளியில் கிடக்கும் முட்டை சித்திரை வெயிலில் வெந்துபோகும். அதனால் ஆட்காட்டி தண்ணீருக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து, முட்டைகளின்மேல் உட்கார்ந்து குளிர வைக்கும். நாம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் நேரமெல்லாம் அது கூட்டுக்கு வராது. முட்டைகள் காய்ந்துகொண்டிருக்கும்.

ஏரி வற்றினால் மீன் எங்கே போகும்?

கோடையில் ஏரித் தண்ணீர் சுருங்கும். ஓரமெல்லாம் சேறு வெடிக்கும். எல்லாம் செத்துப்போயிற்று என்று நினைப்போம். மழை பெய்து தண்ணீர் வந்ததும் நத்தையும் விரால் மீனும் மறுபடி தென்படும். எங்கிருந்து வந்தன?

நத்தை சேற்றுக்குள் புதைந்துகொண்டு, தன் ஓட்டின் கதவை இறுக்கிச் சாத்திவிடும். ஆமாம், வயல் நத்தையின் காலோடு ஒட்டியபடி ஒரு கெட்டியான மூடி இருக்கிறது. உள்ளே ஈரம் போகாது. அப்படியே மாதக்கணக்கில் தூங்கும். சாப்பாடு கிடையாது. உடம்பில் உள்ள சத்தே கரைந்து உணவாகும். பட்டினிதான் அதற்கு விலை!

விரால் மீன் ஈரச் சேற்றில் புதைந்து காத்திருக்கும். செவுளோடு, நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் இதற்கு இருப்பதால் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் ஒரு வேடிக்கை! தண்ணீர் நிறைய இருக்கும்போதும் விரால் அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். மேலே வரவிடாமல் வலையால் தடுத்துவிட்டால், மீனாக இருந்தும் மூச்சுமுட்டி இறந்துவிடும்!

பனையேறிக் கெண்டை என்று இன்னொரு மீன். குட்டை வற்றினால் இது மூட்டை கட்டிக்கொண்டு வேறு குட்டைக்கு நடையைக் கட்டிவிடும். செவுள் மூடியில் உள்ள முட்களைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி உந்தி ஈரத் தரையில் நகரும். நம் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டென்மார்க் படை அதிகாரி, இந்த மீனைப் பனைமரத்தில் பார்த்துப் பிடித்ததாக எழுதினார். 1797-இல் லண்டன் அறிவியல் இதழில் வெளியான அந்தச் செய்தியால் உலகமே வியந்தது. காக்கையோ பருந்தோ தூக்கிப்போய் மரத்தில் போட்டிருக்கலாம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள். மரம் ஏறுவது சந்தேகம். தரையில் நடப்பது உண்மை! அப்படி நடக்கும்போது பறவை கண்ணில் பட்டால் தீர்ந்தது கதை.

வேஷமே வினையானால்?

வாய்க்காலில் நெளியும் தண்ணீர்ப் பாம்புக்கு நம்மைக் கொல்லும் நஞ்சு கிடையாது. பயந்துபோனால் கழுத்தைத் தட்டையாக விரித்து, நல்ல பாம்பு படம் எடுப்பதுபோல் நிற்கும். பறவைகளும் விலங்குகளும் பயந்து ஓடும். ஆனால் மனிதர்? 'நல்ல பாம்பு!' என்று கத்தி, கம்பால் அடித்துவிடுகிறார்கள். உயிரைக் காக்கப் போட்ட வேஷமே உயிருக்கு வினையாகிறது.

மண்ணுளிப் பாம்பின் கதை இன்னும் பரிதாபம். அதன் வால் கூர்மையாக இல்லாமல் தலையைப் போலவே மழுங்கி இருக்கும். எதிரி வந்தால் தலையை உடலுக்கு அடியில் மறைத்துக்கொண்டு வாலைத் தூக்கிக் காட்டும். அடி விழுந்தால் வாலில் விழட்டும், தலை தப்பட்டும் என்ற ஏற்பாடு. இதைப் பார்த்து மக்கள் 'இருதலைப் பாம்பு' என்று பெயர் வைத்தார்கள். அது வீட்டில் இருந்தால் பணம் கொட்டும் என்று யாரோ கதை கட்ட, கடத்தல்காரர்கள் அதைப் பிடித்து விற்க ஆரம்பித்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். எது நஞ்சுள்ள பாம்பு என்று நீங்கள் ஆராயக் கூடாது. எந்தப் பாம்பைக் கண்டாலும் விலகி நின்று பெரியவர்களைக் கூப்பிடுங்கள். அடிக்கச் சொல்லாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

உலகத் தந்திரக்காரர்கள் சிலர்

* கொம்புப் பல்லி (அமெரிக்கா): நரி, நாய் போன்றவை நெருங்கினால் கண்ணோரத்திலிருந்து ரத்தத்தைப் பீய்ச்சி அடிக்கும். விலை, தன் சொந்த ரத்தம்!

* கடல் அட்டை (நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு): சில வகைகள் எதிரியிடம் தம் குடலையே வெளியே தள்ளிவிடும். புதுக் குடல் வளரும்வரை சாப்பாடு இல்லை.

* குண்டுவீச்சு வண்டு: வயிற்றில் இரண்டு ரசாயனங்களைக் கலந்து, கொதிக்கும் சூட்டில் 'பட்' என்று பீய்ச்சும். கையிருப்பு தீர்ந்தால் மறுபடி தயாரிக்க வேண்டும்.

நம்மிடமிருந்து தப்பிக்க வழி?

இந்தத் தந்திரங்கள் எல்லாம் காக்கை, கீரி, பருந்து, நரி போன்றவற்றைச் சமாளிக்க உண்டானவை. டிராக்டர் சக்கரத்துக்கு ஆட்காட்டியின் முட்டை தெரியாது. பூச்சிமருந்துக்கு மரவட்டையின் நாற்றம் ஒரு பொருட்டே இல்லை. உண்டிவில் கல்லுக்கு முன்னால் எந்த நடிப்பும் செல்லாது. நம்மிடமிருந்து தப்பிக்க இவற்றிடம் புதுத் தந்திரம் எதுவும் இல்லை. அதனால் நாம்தான் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருநாள், பெரியவர் ஒருவரோடு ஏரிக்கரைக்கோ வயலுக்கோ போங்கள். எந்த உயிரினமாக இருந்தாலும் தள்ளியே நில்லுங்கள். தொட வேண்டாம், துரத்த வேண்டாம். தேதி, நேரம், பார்த்த உயிரினம், அது என்ன செய்தது என்று நான்கு வரி எழுதுங்கள். ஆட்காட்டி கத்த ஆரம்பித்தால் 'பக்கத்தில் முட்டை இருக்கிறது, பார்த்து நட' என்று அர்த்தம். வந்த வழியே திரும்பிவிடுங்கள். உழவு நேரத்தில் முட்டையைப் பார்த்தால் அப்பாவிடமோ டிராக்டர் ஓட்டும் அண்ணனிடமோ சொல்லி, பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். அந்த நான்கடி இடத்தை மட்டும் விட்டு உழுதால் போதும்; நான்கு குஞ்சுகள் பிழைக்கும்!