பாட்டைப் பதிய எந்த மென்பொருள்?

பள்ளி ஆண்டு விழாவுக்காக நீங்களும் உங்கள் நண்பர்களும் சேர்ந்து ஒரு பாட்டைப் பதிவு செய்ய விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பாடுவார், ஒருவர் புல்லாங்குழல் வாசிப்பார், மற்றொருவர் மிருதங்கம். வீட்டில் ஒரு கணிப்பொறி இருக்கிறது. அதில் எந்த ஒலிப்பதிவு மென்பொருளை ஏற்றுவது?

விசாரித்தால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். "விலை கூடியதை வாங்கினால்தான் ஒலி தெளிவாக இருக்கும்" என்று சொல்வோரும் உண்டு. இந்தப் பேச்சை நம்பி அப்பாவிடம் பல ஆயிரம் ரூபாய் கேட்பதற்கு முன்னால், இயற்பியலிடம் கொஞ்சம் யோசனை கேட்போமா?

ஒலி எண்ணாகும் விதம்

நீங்கள் பாடும்போது காற்றின் அழுத்தம் கூடிக் குறைகிறது. ஒலிவாங்கியில் உள்ள மெல்லிய சவ்வு அதற்கேற்ப அதிர்கிறது. அந்த அதிர்வு மின்னழுத்தமாக மாறுகிறது. இதுவரை எல்லாம் தொடர்ச்சியான அலைதான். ஆனால் கணிப்பொறிக்கு அலை தெரியாது. எண் மட்டுமே தெரியும்.

காய்ச்சல் கண்டவருக்கு மருத்துவமனையில் என்ன செய்கிறார்கள்? குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை உடல் வெப்பத்தை அளந்து, வரைதாளில் புள்ளி வைத்து, புள்ளிகளை இணைக்கிறார்கள். காய்ச்சல் ஏறி இறங்கிய கதை அந்தக் கோட்டில் தெரிந்துவிடுகிறது. ஒலியையும் இப்படித்தான் அளக்கிறோம். வேறுபாடு வேகத்தில்தான். இசைத் தட்டான சி.டி.க்காக ஒரு வினாடியில் 44,100 முறை மின்னழுத்தம் அளக்கப்படுகிறது. இதை மாதிரி வீதம் என்பார்கள்.

ஏன் இத்தனை முறை? ஓர் அலையை இழப்பின்றி மீட்க வேண்டுமானால், அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கும் அதிகமான மாதிரிகள் வேண்டும். ஹாரி நைக்விஸ்ட் 1928-இலும் கிளாட் ஷானன் 1949-இலும் வெளியிட்ட ஆய்வுகள் இந்த விதிக்கு அடிப்படை. நம் செவி ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். 20,000-இன் இரு மடங்கு 40,000. 44,100 அதைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

ஒவ்வோர் அளவையும் எத்தனை நுணுக்கமாக எழுதுகிறோம் என்பது அடுத்த கேள்வி. 16 பிட் என்றால் 65,536 படிகள். 24 பிட் என்றால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள். ஒரு பிட் கூடினால், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 6 டெசிபெல் இடம் கூடும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த அளவீட்டைச் செய்வது மென்பொருள் அன்று. கணிப்பொறியில் உள்ள, அல்லது வெளியே இணைத்த, ஒலி அட்டை என்னும் மின்கருவி. அது வேலையை முடித்து எண்களை நீட்டிய பிறகே மென்பொருள் உள்ளே வருகிறது.

மென்பொருள் ஒரு கணக்குப்பிள்ளை

மென்பொருள் அந்த எண்களை வரிசையாக எழுதி வைக்கிறது. குரலுக்கு ஒரு வரிசை, குழலுக்கு ஒரு வரிசை, மிருதங்கத்துக்கு ஒரு வரிசை. இவற்றைத் தடங்கள் என்கிறோம். காந்த நாடாக் காலத்தில் இது பெரிய செலவு. அமெரிக்க கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1957-இல் ஆம்பெக்ஸ் நிறுவனத்திடம் எட்டுத் தட நாடாப் பொறியைப் பெற்றபோது அது உலகுக்கே புதுமை. பீட்டில்ஸ் குழுவினர் 1967-இல் வெளியிட்ட புகழ்பெற்ற "சார்ஜென்ட் பெப்பர்ஸ்" இசைத்தட்டு நான்கு தடப் பொறிகளில் பதிவானது. இன்று உங்கள் மேசைமேல் உள்ள கணிப்பொறி அதைவிட அதிகத் தடங்களைத் தாங்கும்.

தடங்களைக் கலப்பது எப்படி? வெறும் கூட்டல்தான். குரலின் எண் 300, குழலின் எண் 200 என்றால் கலவையின் எண் 500. அலைகளின் மேற்பொருந்துதல் என்று நீங்கள் படிப்பது இதைத்தான். விலையில்லா மென்பொருளில் கூட்டினாலும் 500; விலை கூடிய மென்பொருளில் கூட்டினாலும் 500. பிறகு ஒலி எப்படி வேறுபடும்?

நீங்களே சோதித்துப் பாருங்கள்

என் சொல்லை அப்படியே ஏற்க வேண்டாம். இரண்டு தடம் கொண்ட ஸ்டீரியோ ஒலிக்கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு மென்பொருளில் திறந்து, ஒலியளவைத் தொடாமல், எந்த விளைவும் சேர்க்காமல், அதே மாதிரி வீதத்தில், 32 பிட் மிதவைப்புள்ளி வேவ் கோப்பாக வெளியே எடுங்கள். இன்னொரு மென்பொருளிலும் அவ்வாறே செய்யுங்கள். இப்போது இரண்டு கோப்புகளையும் ஆடாசிட்டியில் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே தொடக்கத்தில் வையுங்கள். ஒன்றை மட்டும் தலைகீழாக்குங்கள். அதற்கென்றே அதில் ஒரு கட்டளை உண்டு. இரண்டையும் சேர்த்து இசைக்கவிடுங்கள்.

என்ன கேட்கிறது? ஒன்றுமே கேட்காது! ஒன்றின் முகடு மற்றொன்றின் அகட்டில் விழுந்து, கூட்டுத்தொகை சுழியாகிவிடுகிறது. இரண்டு மென்பொருள்களும் ஒரே எண்களைத்தான் தந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 16 பிட் கோப்பாக எடுத்தால் மிக மெல்லிய இரைச்சல் எஞ்சலாம். படிகள் குறையும்போது ஏற்படும் பிழையை மறைக்கச் சில மென்பொருள்கள் வேண்டுமென்றே தூவும் நுண் இரைச்சல் அது.

அப்படியானால் எதைப் பார்த்துத் தேர்வது?

ஒலியின் தரம் ஒன்றே என்றால், தேர்வு வேலையைப் பொறுத்தது. நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, உங்கள் கணிப்பொறி எது? ஆடாசிட்டி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த இலவச மென்பொருள். விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எளிய கணிப்பொறியே அதற்குப் போதும். காரேஜ்பேண்டு 2004-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்டது. ஆப்பிள் கருவிகளில் மட்டுமே ஓடும். ரீப்பர் விலைக்கு உரியது. ஆனால் 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இரண்டாவது, நீங்கள் பதியப்போவது ஒலியையா, குறிப்புகளையா? மின் விசைப்பலகையை அழுத்தும்போது மிடி என்னும் முறையில் செல்வது ஒலி அன்று. "இந்தக் கட்டை, இவ்வளவு அழுத்தம்" என்ற கட்டளை. 1983-இல் வந்த இந்த முறையில் கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. இரு கட்டைகளுக்கு இடையே வழுக்கிச் செல்லும் நம் கமகத்துக்கு இந்த எண்கள் போதா. சுருதியை வளைக்கும் தனிக் கட்டளை வேண்டும். அதற்கு 16,384 படிகள் உண்டு. மிடி வழியே இசையமைக்க நினைத்தால் ஆடாசிட்டி பொருந்தாது, எல்.எம்.எம்.எஸ். போன்ற இலவச மென்பொருள் உதவும். குரலும் வாத்தியமும் மட்டும் என்றால் ஆடாசிட்டியே போதும்.

மூன்றாவது, தாமதம் எவ்வளவு? கணிப்பொறி எண்களை ஒவ்வொன்றாக அனுப்புவதில்லை. ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பிய பிறகு புறப்படுவதுபோல், ஒரு தொகுதி சேர்ந்த பிறகே அனுப்புகிறது. தொகுதியின் அளவு 1,024 என்றால், அது நிரம்ப 1,024 ÷ 44,100, அதாவது சுமார் 23 மில்லி வினாடி ஆகும். உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை என்று குறைந்தது 46 மில்லி வினாடி. ஒலி வினாடிக்கு 340 மீட்டர் செல்லும் என்றால், இந்த நேரத்தில் சுமார் 16 மீட்டர் போய்விடும். ஹெட்ஃபோனில் உங்கள் குரலே 16 மீட்டர் தொலைவிலிருந்து வருவதுபோல் பிந்திக் கேட்கும். தாளம் தடுமாறாதா? தொகுதியை 128 ஆக்கினால் தாமதம் 6 மில்லி வினாடியாகக் குறையும். 2 மீட்டர் தள்ளி நிற்பது போலத்தான். ஆனால் கணிப்பொறி மெதுவானதாக இருந்தால், அடுத்த தொகுதி வருவதற்குள் வேலை முடியாமல் 'பட் பட்' என்று ஒலி வெட்டுப்படும். தொகுதியின் அளவை எளிதாக மாற்ற விடுகிற மென்பொருளே பாடகருக்கு நல்லது.

நான்காவது, வெளியே வர வழி உண்டா? ஒரு மென்பொருளின் வேலைக்கோப்பு மற்றொன்றில் பெரும்பாலும் திறக்காது. ஆகவே ஒவ்வொரு தடத்தையும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து வையுங்கள். இடம் கொஞ்சம் பிடிக்கும்: சி.டி. தரத்தில் ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலிக்கு 1 கோடியே 5 லட்சத்து 84 ஆயிரம் பைட். ஆனால் நாளை எந்த மென்பொருளுக்கு மாறினாலும் உங்கள் பாட்டு உங்களிடமே இருக்கும்.

பணத்தை எங்கே செலவிடலாம்?

மென்பொருளில் மிச்சமான பணத்தை நல்ல ஒலிவாங்கிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சவ்வு பிடிக்காத ஒலியை எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதிவிட முடியாது. அடுத்தது அறை. சுவர் 1.7 மீட்டர் தொலைவில் இருந்தால், அதில் பட்ட உங்கள் குரல் 10 மில்லி வினாடியில் திரும்பி வந்து நேர்க்குரலுடன் கலக்கிறது. சில அதிர்வெண்கள் வலுக்கின்றன, சில அழிகின்றன. குரல் குடத்துக்குள் பாடுவதுபோல் ஆகிறது. இதற்கு மருந்து வீட்டிலேயே உண்டு. கெட்டியான ஜமுக்காளத்தையும் போர்வைகளையும் உங்களைச் சுற்றித் தொங்கவிட்டுப் பாடிப் பாருங்கள். செலவு ஒன்றுமில்லை.

விலை உயர்ந்த மென்பொருளின் திருட்டுப் பிரதியை யாராவது இலவசமாகத் தந்தால் வாங்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். மேலும், பூட்டை உடைத்த பிரதியில் நச்சுநிரல் ஒளிந்திருந்தால் வீட்டுக் கணிப்பொறியில் உள்ள வங்கிக் கணக்கு விவரங்கள்கூடப் பறிபோகலாம்.

விலை கூடிய மென்பொருள்கள் வீண் என்று சொல்ல வரவில்லை. நூறு தடங்களை வைத்து நாள்தோறும் திரைப்படத்துக்கு இசை சேர்ப்பவருக்கு அவை நேரத்தை மிச்சப்படுத்தும். அவர் பணம் கொடுப்பது வேலையின் வேகத்துக்கு. ஒலியின் இனிமைக்கு அன்று. உங்களுக்கு வேண்டியது மூன்று தடங்கள். இந்த வார விடுமுறையில் ஆடாசிட்டியை இறக்கி, மேலே சொன்ன தலைகீழ்ச் சோதனையைச் செய்து பாருங்கள். முடிவு வகுப்பில் விவாதிக்கத் தகுந்தது.